வெண்ணெயில் ஒளிந்திருந்த மருந்து: 12 எலிகளோடு தொடங்கிய எல்மர் மெக்காலமின் கதை

வைட்டமின் டி பெரும்பாலும் வழவழப்பான கேப்சூலாகவே வருதே, உள்ளே எண்ணெய் எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கன்னு டாக்டர் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

1879-ல் அமெரிக்காவின் கான்சாஸில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் எல்மர் மெக்காலம். கைக்குழந்தையிலேயே ஸ்கர்வி நோய் தாக்கியது. ஆப்பிளைச் சுரண்டி ஊட்டித்தான் அம்மா காப்பாற்றினார்.

யேலில் பிஎச்.டி முடித்தவர், 1907-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாட்டுத் தீவன ஆராய்ச்சியில் சேர்ந்தார். மாடு வளர்ந்து, கன்று போட்டு, ரிசல்ட் வர வருடக்கணக்காகும். எலி என்றால் சீக்கிரம் முடியும். ஆனால் அரசுப் பணத்தில் எலி வளர்ப்பதா என்று டீன் மறுத்துவிட்டார். பழைய குதிரைக் கொட்டகையில் எலி பிடித்துப் பார்த்தார், அடங்கவே இல்லை. கடைசியில் சொந்தக் காசு 6 டாலர் போட்டு, சிகாகோ வியாபாரியிடம் 12 வெள்ளை எலிகளை வாங்கினார்.

அந்த எலிகளைப் பார்த்துக்கொண்டவர் மார்குரெட் டேவிஸ். பல வருடம் சம்பளமே கிடையாது. மெக்காலம் பெயரைச் சொல்லும்போது இவரை விட்டுவிடுவது நியாயமில்லை.

கொழுப்பு எல்லாம் ஒன்றுதான், வெறும் எரிபொருள் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் பன்றிக் கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ தின்ற எலிகளின் வளர்ச்சி ஒரு கட்டத்தில் நின்றுபோனது. வெண்ணெய்க் கொழுப்போ முட்டை மஞ்சள் கருவின் கொழுப்போ கொடுத்ததும் மறுபடி வளர்ந்தன. 1913-ல் இதை வெளியிட்டார்கள். பின்னாளில் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது இதுதான்.

அடுத்த வருடம் வந்த சோதனைதான் செம. வெண்ணெய்க் கொழுப்பைச் சோப்பாக மாற்றி, சோப்பாகாமல் மிஞ்சியதை மட்டும் பிரித்து ஆலிவ் எண்ணெயில் ஏற்றினார்கள். அதுவரை எலிகளுக்கு உதவாத அதே எண்ணெய், இப்போது அவற்றை வளர்த்தது. சத்து வேறு, அதைச் சுமக்கும் வண்டி வேறு!

இன்றைய மருந்துத் துறைக்கும் அந்த வண்டி தேவைப்படுகிறது. தண்ணீரில் கரையாத மருந்தை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதி குடலைத் தாண்டி வெளியே போய்விடும். எண்ணெயில் கரைத்துக் கொடுத்தால், பித்தநீர் அந்தக் கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கும்போது மருந்தும் அதிலேயே சவாரி செய்து குடல் சுவர் வரை போய்ச் சேரும். சிறுநீரக மாற்று சிகிச்சை செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் கேப்சூலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

முதல் உலகப்போர் காலத்தில் டென்மார்க் தன் வெண்ணெயை ஏற்றுமதி செய்தது. ஏழைக் குழந்தைகளுக்கு மார்ஜரினும் கொழுப்பு எடுத்த பாலும்தான் மிச்சம். பலருக்குக் கண் கெட்டது, சிலருக்குப் பார்வையே போனது. எலிக்கூண்டில் பார்த்தது வீடுகளுக்குள் நடந்தது.

மெக்காலம் 1917-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு மாறினார். 1922-ல் மீன் எண்ணெயைச் சூடாக்கி, ஆக்ஸிஜன் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏ-வை அழித்துப் பார்த்தது அவரது குழு. அப்போதும் அந்த எண்ணெய் ரிக்கெட்ஸை குணப்படுத்தியது. ஆக, உள்ளே இன்னொரு சத்து இருக்கிறது. அதுதான் வைட்டமின் டி.

1967-ல் காலமானார். நம்ம ஊரில் 9 மாதக் குழந்தைக்கு முதல் டோஸாக ஊற்றும் 1 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ சொட்டு மருந்து, இன்றும் எண்ணெயில்தான் வருகிறது.