வெள்ளியைத் தேடி வந்தவர்

வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தில் கரும்புள்ளியென ஊர்ந்து செல்லும் காட்சி மிக அரியது. பல நாடுகளிலிருந்து அதனை அளந்தால், ஞாயிறு எவ்வளவு தொலைவிலுள்ளது எனக் கணக்கிடலாம். அதன்பொருட்டே பிரெஞ்சு வானநூலறிஞர் லெ ஜெந்தில், 1760-இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று என்னும் செய்தி வழியிலேயே எட்டியது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில் வெள்ளியைக் கண்டார். ஆயினும் ஆடும் கப்பலில் செம்மையாக அளத்தல் இயலவில்லை.

அடுத்த காட்சி எட்டாண்டுகளுக்குப் பின்னர். அதுவும் தவறினால் நூறாண்டுக்கு மேல் காத்திருத்தல் வேண்டும். அவர் தாயகம் திரும்பவில்லை. 1768-இல், மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரியை அடைந்து, கோட்டை இடிபாடுகளின்மீது வானாய்வுக்கூடம் அமைத்தார். தமிழர் கிரகணத்தைக் கணிக்கும் முறையையும் அங்கே பயின்றார்; அவருடைய பயணத்தின் பெரும்பேறு அதுவே எனலாம். 1769 ஜூன் 4 காலை வானத்தை மேகம் மூடிற்று. வெள்ளி கடந்து சென்ற பின்னரே ஞாயிறு வெளிப்பட்டது. 1771-இல் அவர் பிரான்சு சேர்ந்தபோது, இறந்தாரெனக் கருதி உறவினர் அவர் உடைமைகளைப் பங்கிட முனைந்திருந்தனர்.