சூடேறும் நீருக்குக் கணக்குப் போட்ட மேதை

திருப்புட்குழி, காஞ்சிபுரத்தை அடுத்த ஊர். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்ற அண்டாவில் தண்ணீர் காய்வது அந்தப் பக்கத்தாருக்குத் தெரிந்த காட்சிதான்.

அடியில் தீ எரிகிறது. முதலில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. சூடு ஓர் அளவைத் தாண்டியதும், அடித்தண்ணீர் மேலே ஏறுகிறது. மேல்தண்ணீர் கீழே இறங்குகிறது.

இந்த அசைவு எப்போது தொடங்கும்? அதைக் கணக்கிட்ட மேதைகளில் ஒருவர் தமிழர். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

தாயின் துணிவு

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ந் தேதி லாகூரில் பிறந்தார். தந்தை ரெயில்வே கணக்கு அதிகாரி. சர் சி.வி. ராமன் இவருடைய சித்தப்பா.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1930-ல் சர்க்கார் உபகாரச் சம்பளம் கிடைத்தது. இங்கிலாந்து போகவேண்டும்.

அப்போது தாயார் சீதாலட்சுமி நோயில் படுத்திருந்தார். மகன் தயங்கினார். தாயாரோ, போய்த்தான் ஆகவேண்டும் என்று அனுப்பி வைத்தார். மறு ஆண்டே அவர் காலமானார். மகன் அப்போது கடல் கடந்து இருந்தார்.

சபையில் சிரிப்பு

கப்பலில் போகும்போதே சந்திரசேகர் ஒரு கணக்குப் போட்டார். அப்போது வயது 19.

எரிந்து தீர்ந்த நட்சத்திரம் சுருங்கி, 'வெள்ளைக் குள்ளன்' ஆகும். ஆனால், அதன் எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால் அப்படி நிலைக்க முடியாது. இதுதான் அவர் கண்ட முடிவு.

1935 ஜனவரி 11-ந் தேதி லண்டன் வானியல் சபையில் இதை விளக்கினார். புகழ்பெற்ற விஞ்ஞானி எடிங்டன் எழுந்து கேலி செய்தார். சபை சிரித்தது.

சந்திரசேகர் சோர்ந்துவிடவில்லை. 1936-ல் கல்லூரித் தோழி லலிதாவை மணந்தார். பிறகு அமெரிக்கா சென்று 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

தண்ணீர்க் கணக்கு

ஒரு துறையைப் பல ஆண்டு ஆராய்வார். புத்தகம் எழுதுவார். பிறகு வேறு துறைக்குப் போவார். இப்படித்தான் 1950-களில் திரவங்களை ஆராய்ந்தார்.

பாத்திரம் சுழன்றால் என்ன ஆகும்? மின்சாரத்தைக் கடத்தும் திரவத்தின் அருகே காந்தம் இருந்தால் என்ன ஆகும்? இரண்டும் அசைவு தொடங்குவதைத் தடுக்கும் என்று கணக்கில் காட்டினார். சிகாகோவில் பாதரசத்தைச் சூடாக்கிச் சோதித்தார்கள். கணக்கு பலித்தது! 1961-ல் இதைப் பெரிய நூலாக வெளியிட்டார். சூரியனின் உள்ளே நடப்பதை அறியவும் இந்தக் கணக்கு உதவுகிறது.

1983-ல் நோபல் பரிசு வந்தது. சபை சிரித்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1995 ஆகஸ்டு 21-ந் தேதி, 84-வது வயதில் சிகாகோவில் காலமானார். அன்று கேலிக்கு ஆளான அந்த எடை அளவு, இன்று 'சந்திரசேகர் எல்லை' என்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.