வீரமாமுனிவர்: சாமியார் வராத ஊர்களுக்காக உரைநடை எழுதிய இத்தாலிக்காரர்

திருவொற்றியூரில் இருந்து மெரினா பக்கம் போகிறவர்கள் கடற்கரைச் சாலையில் வீரமாமுனிவர் சிலையைப் பார்த்திருப்பார்கள். 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வைக்கப்பட்டது அது. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் படித்தது என்ன? தேம்பாவணி, சதுரகராதி, அவ்வளவுதான். ஆனால் அவர் தமிழ் படித்ததற்குப் பின்னால் கிராமத்து மக்களோடு சம்பந்தப்பட்ட வேறொரு கதை இருக்கிறது.

யார் இந்த வீரமாமுனிவர்?

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8-ல் இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து, 1710-ல் கோவா வந்து இறங்கி, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பிறகு அதுவே இன்னும் நல்ல தமிழில் வீரமாமுனிவர் ஆனது. காவி உடை, சைவச் சாப்பாடு என்று இந்த ஊர்த் துறவி போலவே வாழ்ந்தார். 100 வருடத்துக்கு முன்பே மதுரையில் ராபர்ட் டி நொபிலி தொடங்கி வைத்த வழி அது.

என்ன பிரச்சினை?

மதுரை மிஷன் என்றால் மதுரை நகரம் மட்டும் இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதில் வந்துவிடும். குருக்களோ விரல் விட்டு எண்ணும் அளவு. நடந்தே போக வேண்டும், நடுவில் போர், பஞ்சம். ஒரு ஊருக்குச் சாமியார் வந்து போனால், அடுத்து எப்போது வருவார் என்று சொல்ல முடியாது.

அப்போ இடைப்பட்ட நாட்களில் யார் பார்த்துக்கொள்வது? அங்கேதான் உபதேசியார் வருகிறார். வேதியர் என்றும் சொல்வார்கள். இவர் குரு இல்லை, குடும்பம் குட்டியோடு வாழும் சாதாரண ஊர்க்காரர். ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் இவர் வேலை. இவர் சரியாக இருந்தால் ஊர் சரியாக இருக்கும். இவர் தப்பாக நடந்தால், கேட்கக்கூடப் பக்கத்தில் ஆள் கிடையாது.

வேதியர் ஒழுக்கம் ஏன் முக்கியம்?

கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் பல ஆண்டுகள் பணி செய்தார். திருக்காவலூர் என்று அவர் பாடியது இந்த ஊரைத்தான். தேம்பாவணி 3,615 பாடல்கள் கொண்ட காப்பியம். புலவர்கள் அதைப் படித்து ரசிக்கலாம். நாலு ஊர் சுற்றும் உபதேசியாருக்கு அது போதுமா?

அவர்களுக்காகவே அவர் எழுதியதுதான் வேதியர் ஒழுக்கம். செய்யுள் இல்லை, உரைநடை. அடுத்தவருக்குப் போதிக்கிறவர் முதலில் தான் எப்படி வாழ வேண்டும் என்பதுதான் அதன் விஷயம். கற்றவர்கள் எதையும் பாட்டாகவே எழுதிவந்த காலத்தில், இது தமிழ் உரைநடைக்கும் ஒரு முக்கியமான படி.

மற்ற வேலைகளிலும் இதே அக்கறை தெரியும். ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதுவது வழக்கம் என்பதால் எரியா, ஏரியா என்று குழப்பம் வரும். நெடிலுக்குத் தனி வடிவம் கொடுத்து அதைத் தீர்த்தார். இன்று நம் செல்போனில் தட்டுகிற ஏ, ஓ அந்த வடிவம்தான். மனப்பாடம் செய்ய வேண்டிய நிகண்டுகளுக்கு மாற்றாக, அகர வரிசையில் தேடும்படி 1732-ல் சதுரகராதியைத் தந்தார்.

எதிர்த்தரப்பே அச்சிட்ட புத்தகம்

தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளோடு அவருக்குக் கடும் வாக்குவாதம். மறுப்பு நூல்களே எழுதியிருக்கிறார், அதில் காரமும் அதிகம். ஆனால் அச்சகம் இருந்தது அவர்களிடம். புதிதாக வரும் குருக்கள் மக்களின் பேச்சுத்தமிழைக் கற்க அவர் லத்தீனில் எழுதிய இலக்கணத்தை, 1738-ல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்தான். ஊர் மக்களோடு பேச வேண்டிய தேவை இரண்டு பக்கமும் ஒன்றுதானே!

1747-ல் வீரமாமுனிவர் காலமானார். அவருக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது. அவர் யாருக்காக வேதியர் ஒழுக்கம் எழுதினாரோ, அந்த உபதேசியார்களில் பெரும்பாலானவர்களின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பணி நிற்கவில்லை. குரு தங்கியிருக்காத சிற்றூர்க் கோயில்களில் மணி அடித்து, ஜெபம் தொடங்கி வைக்கும் உபதேசியாரை இப்போதும் தமிழ்நாட்டில் பார்க்கலாம்.