பரிசினால் பழக்கிய உளவியலாளர் – பி. எப். ஸ்கின்னர் (1904 – 1990)



திருகோணமலையில் வசிக்கும் நீங்கள் பிரெட்றிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களைக் கண்டிருப்பீர்கள். கையில் தின்பண்டம் வைத்திருப்பவரை நோக்கி அவை பயமின்றி வருகின்றன. மீன் வெட்டும் இடத்தில் நாய்கள் காத்திருப்பதையும் கண்டிருப்பீர்கள். இவற்றை யாரும் அடித்துப் பழக்கவில்லை. ஒருநாள் வந்தபோது உணவு கிடைத்தது. ஆகவே மறுநாளும் வருகின்றன. எல்லோரும் காணும் இவ்வுண்மையை ஆய்வுகூடத்தில் அளந்து காட்டியவரே ஸ்கின்னர்.

இளமையும் கல்வியும்

பரஸ் பிரெடரிக் ஸ்கின்னர் 1904 மார்ச் 20 இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள சஸ்குவெஹன்னா என்னும் சிறுநகரில் பிறந்தார். தந்தை ஒரு சட்டத்தரணி. 1926 இல் ஹமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்ற ஸ்கின்னர், எழுத்தாளராக வேண்டும் என்று விரும்பி வீட்டிலிருந்து எழுதிப் பார்த்தார். அது கைகூடவில்லை. கலைப்பிரிவு மாணவர்களே, இதைக் கவனியுங்கள். அவர் சோர்ந்து நின்றுவிடவில்லை. பவ்லோவ், வாட்சன் ஆகியோரின் நூல்களைப் படித்து, 1928 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்கச் சென்றார். 1931 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ஆய்வுகள்

பவ்லோவின் நாய்க்கு உமிழ்நீர் தானாகவே சுரந்தது. ஸ்கின்னர் ஆராய்ந்ததோ விலங்கு தானே முன்வந்து செய்யும் செயலை. அவர் அமைத்த பெட்டியில், பசித்த எலி ஒரு நெம்பை அழுத்தினால் உணவு விழும். உணவு கிடைக்கக் கிடைக்க எலி நெம்பை அழுத்துவது அதிகரித்தது. இதுவே தொழிற்பாட்டு நிபந்தனைப்படுத்தல் ஆகும். செயலுக்குப் பின் விரும்பத்தக்க ஒன்றைக் கொடுத்து அச்செயலை வலுப்படுத்துவது நேர் மீளவலியுறுத்தல் எனப்படும். இவ்வாய்வுகளை 1938 இல் நூலாக வெளியிட்டார்.

1942 ஏப்ரல் 9 இல் திருகோணமலைத் துறைமுகத்தின் மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதை வரலாற்றில் படித்திருப்பீர்கள். அதே உலகப் போரின்போது ஸ்கின்னர், குண்டுகளை இலக்கை நோக்கிச் செலுத்துவதற்குப் புறாக்களைப் பழக்கினார். அத்திட்டம் 1944 இல் கைவிடப்பட்டது. எனினும், விரும்பிய செயலைச் சிறு சிறு படிகளாக உருவாக்கலாம் என்பதை அவர் அதன்போது நன்கு கண்டுகொண்டார்.

நாயைப் பழக்கும் முறை

1951 இல் எழுதிய ஒரு கட்டுரையில் வீட்டு நாயைப் பழக்கும் வழியை விளக்கினார். முதலில் ‘டிக்’ என்று ஓர் ஒலி எழுப்பி உடனே ஒரு சிறு துண்டு உணவு கொடுக்க வேண்டும். சில தடவைகளின் பின் ஒலியே பரிசுபோல ஆகிவிடும். பின்னர் நாய் விரும்பிய செயலை நோக்கி ஓர் அடி நகர்ந்தாலும் அக்கணமே ஒலி எழுப்ப வேண்டும். தாமதித்தால் பயன் குறையும்.

இப்போது நீங்களே சிந்தியுங்கள். உங்கள் நாய் கேற்றைத் தாண்டி, துறைமுகத்துக்கு லொறிகள் போகும் வீதிக்கு ஓடிவிட்டது. பலமுறை கூப்பிட்ட பின் திரும்பி வருகிறது. கோபத்தில் அடிக்கிறீர்கள். ஓடியதற்காக அடித்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். நாய்க்கோ, வந்ததும் அடி விழுந்தது என்பதே பாடம். அடுத்த முறை கூப்பிட்டால் அது வரத் தயங்கும். லொறி வரும் நேரத்தில் அந்தத் தயக்கம் அதன் உயிரையே பறிக்கலாம். வந்தவுடன் தட்டிக்கொடுத்து ஒரு துண்டு பிஸ்கட் கொடுங்கள்.

வகுப்பறையில்

1953 இல் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்ற ஸ்கின்னர், பிள்ளைகள் தம் விடை சரியா பிழையா என்பதை உடனே அறிய முடியாமல் இருப்பதைக் கண்டார். இதன் விளைவாகக் கற்பித்தல் பொறியை உருவாக்கினார். தண்டனை ஒரு செயலைச் சிறிது காலம் அடக்குமே தவிர, சரியானதைக் கற்பிக்காது என்பது அவரது கருத்து.

சிந்தனைக்கும் மொழியாற்றலுக்கும் அவர் உரிய இடம் அளிக்கவில்லை எனச் சொம்ஸ்கி 1959 இல் கண்டித்தார். விமர்சனங்கள் இருந்தாலும் ஸ்கின்னர் இறுதிவரை எழுதினார். 1990 ஓகஸ்ட் 18 இல் இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

பரீட்சைக் குறிப்பு

எதிர் மீளவலியுறுத்தலைத் தண்டனை என்று எழுதிப் பலர் புள்ளியை இழக்கின்றனர். தலையிடி நீங்குவதால் மாத்திரை குடிக்கும் பழக்கம் வலுப்பெறுவது எதிர் மீளவலியுறுத்தல். அது செயலைக் கூட்டும். தண்டனை செயலைக் குறைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. பவ்லோவ், ஸ்கின்னர் ஆகியோரின் ஆய்வுகளுக்கிடையிலான பிரதான வேறுபாடு யாது?
2. திரும்பி வந்த நாயை அடிப்பது ஏன் தவறு என்பதை ஸ்கின்னரின் கொள்கை கொண்டு விளக்குக.
3. உங்கள் வகுப்பறையில் நேர் மீளவலியுறுத்தலுக்கு இரு உதாரணங்கள் தருக.