அணையாத அடுப்பு

மலருக்கு ஒரு பெரியவரைப் பற்றி எழுதுங்கன்னு ஊக்குநர் கேட்டாங்க. நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். என் மனசுல உடனே வந்தவர் நம்ம வடலூர் வள்ளலார்.

அவர் பெயர் இராமலிங்கம். 1823 அக்டோபர் 5-ல் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். அம்மா சின்னம்மை ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு பொன்னேரி பக்கம் தாய்வீட்டுக்குப் போய், பிறகு சென்னைக்குப் போனார். அண்ணன் சபாபதி புராணம் சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பி பாடம் படிக்காம கோயிலே கதின்னு இருந்ததால், வீட்டில் சோறு போடக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். அண்ணி பாப்பாத்தி அம்மாள் யாருக்கும் தெரியாம கொல்லைப்புறமா சோறு போட்டாங்கன்னு சொல்லுவாங்க. ஊருக்கே சோறு போட்டவரின் பசியை அன்னைக்கு அறிஞ்சது ஒரு பெண்தான்.

சின்ன வயசிலேயே பாட ஆரம்பிச்சார். அவர் பாடல்கள் ஏறத்தாழ 6000. திருவருட்பா 1867-ல் அச்சில் வந்தது. பாட்டு மட்டுமில்லை, உரைநடையும் எழுதினார். 1854-ல் மனுமுறை கண்ட வாசகம் வந்தது. பசித்தவருக்குச் சோறு போடுவதே பெரிய வழிபாடுன்னு ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் விளக்கி எழுதினார். பெண்களுக்கும் படிப்பு வேணும், புருஷன் இறந்தா தாலியை வாங்க வேண்டாம்னு அந்தக் காலத்திலேயே சொன்னார்.

சென்னையை விட்டு நம்ம பக்கம் வந்து கருங்குழியில் பல வருஷம் தங்கினார். 1865-ல் சன்மார்க்க சங்கம் தொடங்கினார். பார்வதிபுரம் மக்கள் 80 காணி நிலம் கொடுத்தாங்க. அங்கே 1867 மே 23-ல் தருமசாலையைத் திறந்தார். அன்னைக்கு மூட்டிய அடுப்பு இன்னும் அணையலை. 1872 தைப்பூசத்தில் சத்திய ஞான சபையில் ஜோதி ஏற்றினார். 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜோதியில் கலந்துட்டார்னு நம்புறோம்.

இதை நான் எழுதக் காரணம் இருக்கு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடிச்சப்ப, எங்களுக்குக் கூலி கொடுத்த முந்திரித் தோப்பு மொத்தமும் சாஞ்சு போச்சு. வேலை இல்லை, வீட்டில் அரிசி இல்லை. இடுப்பில் குழந்தையோட வடலூர் போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். வெட்கத்தில் தலை நிமிரலை. யார், எந்த ஊர், என்ன சாதின்னு ஒருத்தரும் கேட்கலை. இலை போட்டு, சோறு வெச்சு, இன்னும் வேணுமாம்மான்னு மட்டும் கேட்டாங்க. அந்தச் சோத்தை இன்னும் மறக்கலை.

இப்ப எங்க குழுவில் வாரக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வர்றோம். யார் வீட்டில் உலை வைக்கலையோ அங்கே போகும். தவணை கட்டாத ஒருத்தர் வீட்டுக்குக் கொடுக்கலாமான்னு ஒருமுறை பேச்சு வந்துச்சு. கடன் வேற, பசி வேறன்னு சொன்னேன். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க.

மற்ற குழுக்களும் இதைச் செய்யலாம் அக்கா. ஒரு பிடி அரிசியால நமக்குக் குறையாது.