கோயில் வாசலில் கிடைத்த மாணவன்: வலன்ரைன் ஹாவியின் வாழ்க்கை

ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வருகிறோம். வாசலில் கையேந்தி நிற்கும் பார்வையற்ற ஒருவரின் கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு நடக்கிறோம். தருமம் செய்துவிட்டோம் என்ற நிறைவு மனதில் உண்டாகிறது. ஆனால் அந்த மனிதரின் கைக்கு நாணயத்தைவிட வேறு எதையேனும் கொடுக்க இயலுமா என்று நின்று யோசிப்போர் மிகச் சிலரே. அப்படி நின்று யோசித்த ஒருவரின் கதை இது. அவர் பெயர் வலன்ரைன் ஹாவி. உலகில் இன்று பார்வையற்ற பிள்ளைகள் புத்தகம் வாசிக்கிறார்கள், தொழில் பழகுகிறார்கள், தம் உழைப்பால் வாழ்கிறார்கள் என்றால், அதற்கு அத்திவாரம் இட்டவர்களுள் இவரே முதன்மையானவர்.

நெசவாளரின் மக்கள்

பிரான்ஸ் தேசத்தின் வடபாகத்திலே, பிக்கார்டி மாகாணத்திலுள்ள சென் யுஸ்ற் என்னும் சிற்றூரில், 1745ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி வலன்ரைன் பிறந்தார். தகப்பனார் ஓர் ஏழை நெசவாளர். வலன்ரைனுக்கு இரண்டு வயது மூத்தவர் றெனே யுஸ்ற். ஊரிலிருந்த துறவியர் மடம் இச்சிறுவர்களின் அறிவைக் கண்டு ஆதரித்தது. பின்னர் குடும்பம் பாரிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. மூத்தவர் குருவானவரானார், கற்களையும் பளிங்குகளையும் ஆராய்ந்து, பளிங்கியல் என்னும் விஞ்ஞானத்தின் தந்தையெனப் பெயர் பெற்றார். இளையவருக்கோ மொழிகளில் நாட்டம். பல மொழிகளைக் கற்று, மொழிபெயர்ப்பாளராகச் சீவித்து, ஈற்றில் அரசரின் மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியையும் பெற்றார். அமைதியாக, வசதியாக வாழ்ந்து முடித்திருக்கக்கூடிய மனிதர். ஒரு சந்தைக் காட்சி அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

கேலிக்கூத்தைக் கண்ட கண்கள்

1771ஆம் ஆண்டு பாரிஸில் புனித ஒவிட் பெயரால் நடந்த பெருஞ்சந்தையில், ஒரு கோப்பிக்கடைக்காரன் கூட்டம் சேர்க்க ஒரு வழி கண்டான். பார்வையற்ற ஏழைகள் சிலரைக் கூலிக்கு அமர்த்தி, கோமாளி உடையும் கழுதைக்காதுத் தொப்பியும் அணிவித்து, மூக்கிலே கண்ணாடியில்லாத பெரிய மட்டைச் சட்டங்களை மாட்டி, அவர்கள் முன்னே இசைத்தாள்களைத் தலைகீழாக வைத்து, மெழுகுதிரியும் ஏற்றி, வாத்தியம் வாசிக்க விட்டான். சனங்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். அக்கூட்டத்தில் நின்ற ஹாவிக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கமே வந்தது. இப்பொய்யை உண்மையாக்குவேன், இவர்கள் மெய்யாகவே வாசிக்கும்படி செய்வேன் என்று அன்றே உள்ளத்தில் உறுதி பூண்டார்.

அந்நாளில் பார்வையற்றோரின் நிலை என்ன? புனித லூயி அரசர் 1260ஆம் ஆண்டளவில் பாரிஸில் 300 பார்வையற்றோருக்கென ஓர் இல்லம் அமைத்திருந்தார். அது பெருந்தருமமே. ஆயினும் அவ்வில்லத்தவரும் பிச்சையெடுத்தே சீவிக்க வேண்டியிருந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையாயின் வீட்டுக்கே ஆசிரியர் வருவார். ஏழையாயின் தெருவும் கோயில் வாசலுமே கதி. அதே பாரிஸில் எப்பே என்னும் குருவானவர், வாய் பேசாத, காது கேளாத பிள்ளைகளைக் கைச்சைகையால் கற்பித்து உலகை வியக்க வைத்துக்கொண்டிருந்தார். காது செய்ய வேண்டியதைக் கண் செய்யுமாயின், கண் செய்ய வேண்டியதை விரல் செய்யாதா என்பதே ஹாவியின் மனதில் எழுந்த கேள்வி. 1784இல் வியன்னாவிலிருந்து வந்த மரியா தெரேசியா பரதீஸ் என்னும் பார்வையற்ற இசைக்கலைஞரைச் சந்தித்தபோது, அக்கேள்விக்கு விடை உண்டென்று அவருக்குத் துணிவு பிறந்தது.

முதல் மாணவன்

அதே 1784இல், பாரிஸின் சென் ஜேர்மன் கோயில் வாசலில் பிரான்சுவா லெசூயர் என்ற 17 வயது இளைஞனை அவர் கண்டார். கைக்குழந்தையாக இருக்கும்போதே பார்வையை இழந்தவன். தான் எடுக்கும் பிச்சையால் தன் குடும்பத்தையும் தாங்கி வந்தவன். படிக்க வா என்று அழைத்தால் அவன் எப்படி வருவான்? அவன் படிக்கும் நேரத்தில் வீட்டில் உலை ஏறாதே. ஹாவி இதனை நன்கு உணர்ந்தார். பிச்சையால் கிடைக்கும் வருமானத்துக்கு ஈடான பணத்தைத் தாமே தருவதாக ஒப்புக்கொண்டு அவனை மாணவனாக்கினார். ஏழைப் பிள்ளை பாடசாலைக்கு வராமைக்கு மனமின்மை மாத்திரம் காரணமன்று என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விளங்கிக்கொண்ட ஆசிரியர் அவர்.

மரத்தில் செதுக்கிய எழுத்துக்களைத் தடவித் தடவி லெசூயர் எழுத்தறிந்தான். ஒருநாள் மேசையிலிருந்த தாள்களைத் தொட்டுக்கொண்டிருந்தவன், அழுத்தமாக அச்சடித்த ஓர் அட்டையின் பின்புறத்தில் எழுத்தொன்று புடைத்திருப்பதை விரலால் உணர்ந்து சொன்னான். ஆசிரியர் தேடிய திறவுகோலை மாணவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். சாதாரண அச்செழுத்துக்கள் இடம் வலம் மாறி வார்க்கப்படுபவை. ஹாவி பெரிய எழுத்துக்களை நேராகவே வார்ப்பித்து, ஈரமாக்கிய தடித்த தாளில் அழுத்தினார். தாளின் மறுபுறத்தில் எழுத்துக்கள் மேடாக எழுந்து நின்றன. அப்படியான தாள்களை முதுகோடு முதுகு ஒட்டிப் புத்தகமாகக் கட்டினார். பார்வையற்றோருக்கான முதல் அச்சுப் புத்தகங்கள் இவ்வாறே உண்டாயின.

எழுத்தும் தொழிலும்

பாரிஸிலிருந்த ஒரு பரோபகார சங்கத்தின் ஆதரவோடு 1785இல் பாடசாலை ஆரம்பமாயிற்று. பார்வையற்ற பிள்ளைகளுக்கென உலகில் எழுந்த முதற் பாடசாலை இதுவே. அங்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு, மேடான கோடுகளாலான தேசப்படங்கள், சங்கீதம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. இவற்றோடு நூல் நூற்றல், பின்னல் வேலை, கயிறு திரித்தல், புத்தகம் கட்டுதல், அச்சுவேலை ஆகிய கைத்தொழில்களும் பழக்கப்பட்டன. மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பித்தனர். நேற்றுப் பிச்சையெடுத்த லெசூயர் இன்று மற்றவர்களுக்கு ஆசிரியனாக நின்றான்.

1786ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள், வெர்சாய் அரண்மனையில் 16ஆம் லூயி அரசர் முன்னிலையில் இப்பிள்ளைகள் வாசித்தும் கணக்குச் செய்தும் தொழில் செய்தும் காட்டினர். பார்வையற்றோரின் கல்வி பற்றி ஹாவி எழுதிய நூலும் அவ்வாண்டில் வெளியாயிற்று. அதனை அச்சிட்டவர்கள் அப்பாடசாலையின் பிள்ளைகளே. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் சந்தையில் தலைகீழாக வைக்கப்பட்ட தாள்களுக்கு இது தகுந்த மறுமொழி அன்றோ!

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சோற்றுக்கு ஒரு தொழில் கிடைத்தால் போதும், எழுத்து இவர்களுக்கு எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்தனர். படிப்பு மாத்திரம் போதும், கைவேலை எதற்கு என்போரும் இருந்தனர். ஹாவி இரண்டையும் பிரிக்க உடன்படவில்லை. தொழில் இல்லாத கல்வி பார்வையற்றவரை மீண்டும் வாசலுக்கே அனுப்பும். கல்வி இல்லாத தொழிலோ அவரை வெறும் கூலிக் கையாக்கிவிடும் என்பதே அவர் நடத்திய பாடசாலை உணர்த்திய பாடம்.

புயலின் நடுவே

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆதரவளித்த செல்வர் சிதறினர். 1791இல் அரசு பாடசாலையைப் பொறுப்பேற்றது. 1795இல் அதற்குப் பார்வையற்ற தொழிலாளர் நிலையம் என்னும் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. அண்ணன் றெனே குருவானவரோ புரட்சி அரசு கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்து, 1792 ஆகஸ்டில் சென் பேர்மன் குருமடத்தில் சிறைவைக்கப்பட்டார். அவருடைய மாணவரான ஓர் இளம் விஞ்ஞானியின் முயற்சியால் விடுதலை பெற்றார். சில நாட்களில், செப்டெம்பர் மாதத்தில், அங்கேயே எஞ்சியிருந்த குருமார் பலர் கொல்லப்பட்டனர்.

தம்பியின் வழி வேறாயிருந்தது. அவர் புரட்சியின் பக்கம் சாய்ந்தார். திருச்சபையின் இடத்தில் நிறுத்தவென அந்நாளில் தோன்றிய ஒரு புது மதக் கூட்டத்திலும் முன்னின்றார். 1797இல் அதன் முதற் கூட்டம் அவருடைய பாடசாலைச் சிற்றாலயத்திலேயே நடந்தது. கத்தோலிக்கராகிய நமக்கு இது வருத்தம் தரும் பக்கமே. ஆயினும் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லப் புகுந்தால் இதனை மறைப்பது நேர்மையன்று.

1801இல் நெப்போலியன் ஆட்சியில், பாடசாலை புனித லூயியின் பழைய இல்லத்தோடு சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் முதியோரோடு கலக்கப்பட்டனர். தொழிற்கூட வேலை முன்னே வந்து, படிப்பு பின்னே தள்ளப்பட்டது. ஹாவி எதிர்த்தார். 1802இல் சிறிய ஓய்வூதியத்தோடு அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தாம் பெற்ற பிள்ளையைப் பிறர் கையில் விட்டுச் செல்லும் தகப்பனைப் போல வெளியேறித் தனியாக ஒரு பாடசாலை நடத்தினார், அது நிலைக்கவில்லை. 1806இல் ரஷ்யச் சக்கரவர்த்தியின் அழைப்பை ஏற்று, 60 வயதில் நெடும்பயணம் புறப்பட்டார். வழியில் பேர்லினில் அரசர் முன் தம் முறையை விளக்கினார். அவ்வாண்டிலேயே அங்கும் ஒரு பாடசாலை எழுந்தது. சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பாடசாலை அமைத்துச் சுமார் 11 ஆண்டுகள் பாடுபட்டார்.

மூடிய கதவும் திறந்த கதவும்

1817இல் முதுமையும் நோயுமாய்ப் பாரிஸ் திரும்பினார். அண்ணனாகிய குருவானவர் தம் இல்லத்தில் அவரை ஏற்றுக்கொண்டார். பார்வையற்ற இளைஞர் பாடசாலை அப்போது மீண்டும் தனியாக இயங்கியது. அது இருந்த கட்டடம் எது தெரியுமா? அண்ணன் ஒருகாலத்தில் சிறையிருந்த அதே சென் பேர்மன் குருமடமே. ஆனால் அப்போதைய அதிபர், ஹாவியின் பழைய அரசியலைக் காரணமாகக் கொண்டு, அப்பாடசாலையின் தந்தையை அதன் வாசற்படி மிதிக்க விடவில்லை.

1821இல் பிஞியே என்பவர் புதிய அதிபராக வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹாவியை அழைத்து விழா எடுத்தார். பிள்ளைகள் பாடினர், வாசித்துக் காட்டினர். அந்நாட்களில் அங்கு படித்த மாணவருள் குதிரைச்சேணம் தைக்கும் தொழிலாளியின் மகனான 12 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் லூயி பிறெயில்.

1822 மார்ச் மாதத்தில் வலன்ரைன் ஹாவி காலமானார். மூன்று மாதம் செல்லுமுன் அண்ணனும் பின்தொடர்ந்தார்.

ஹாவியின் முறையில் குறை இல்லாமலில்லை. பார்வையுள்ளோரின் எழுத்து வடிவத்தையே பார்வையற்றோரும் வாசிக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாய் நின்றார். அப்புத்தகங்கள் மிகப் பாரமானவை. வாசிப்பு மிக மெதுவானது. அவ்வாறு தாமாக எழுதவும் மாணவரால் இயலவில்லை. அக்குறையை விரல் நுனியில் அனுபவித்த பிறெயிலே 1824இல், தம் 15ஆம் வயதில், ஆறு புள்ளிகளாலான எழுத்து முறையை உருவாக்கி, 1829இல் வெளியிட்டார். ஆனால் ஹாவி திறந்த பாடசாலை இல்லையேல் பிறெயில் அங்கு வந்திருக்கமாட்டார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

நம் குடும்பங்களில் பார்வை குறைந்த, காது கேளாத, அறிவு வளர்ச்சி தாமதித்த பிள்ளைகள் உண்டு. பாசத்தினாலேயே அவர்களை வீட்டு மூலையில் இருத்தி, ஊட்டி, உடுத்தி, ஒரு வேலையும் தொட விடாது வளர்க்கிறோம். அயலார் பார்ப்பார்களே என்று ஒளித்து வைப்போரும் உண்டு. பெற்றோரின் காலத்துக்குப் பின் அப்பிள்ளையின் கதி என்ன? தன் உடுப்பைத் தானே துவைக்கவும், கடையில் காசு எண்ணிக் கொடுக்கவும், ஒரு தொழிலைச் செய்யவும் இன்று பழக்கினால், அதுவே அப்பிள்ளைக்கு நாம் எழுதி வைக்கும் முதுசொம். பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். நாமே செய்துவிடுவது எளிது. எளிதானதைத் தெரிந்துகொண்டிருந்தால், லெசூயரின் கையில் ஹாவி ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்.