கோபால கிருஷ்ண கோகலேயும் நேட்டால் கூலித்தடையும்

இன்று தனி ஜில்லாக்களாய் விளங்கும் நமது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கியிருந்த காலத்தில், அந்த ஜில்லாவினின்றும் ஒப்பந்தக் கூலிகளாய்த் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கப்பலேறியோர் பலர். 1860 முதல் 1911 வரை இந்தியாவினின்று அங்குச் சென்ற ஏறக்குறைய 1,52,000 பேரில் பெரும்பான்மையோர் சென்னைத் துறைமுகத்தினின்றே புறப்பட்டனர். அவர்தம் துயர் கண்டு, நேட்டால் முதலாளிகளின் வருவாயிலேயே கைவைத்த பெரியாரின் சரித்திரத்தை நம் சங்கத்துக் குடும்பத்தார் அறிதல் தகும்.

கோகலே 1866 மே 9ஆம் தேதி இரத்தினகிரி ஜில்லாவில் எளிய குடும்பத்திற் பிறந்தார். புனா பெர்கூஸன் கலாசாலையில் ஆசிரியராயிருந்தார். 1905இல் இந்திய ஊழியர் சங்கத்தை ஸ்தாபித்தார். அவ்வாண்டே காசிக் காங்கிரஸில் அக்கிராசனம் வகித்தார். இவை யாவரும் அறிந்தவையாதலின் விரிக்கின்றிலோம்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் நம்மவர் உழைப்பாற் செழித்தன. ஆயின், ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் அங்கே சுதந்திர மனிதராய் வாழ்வதை வெள்ளையர் பொறுத்தாரில்லை. மறு ஒப்பந்தத்துக்கு உட்படாமலும் ஊர் திரும்பாமலும் இருப்போர் ஆண்டுதோறும் 3 பவுன் வரி செலுத்த வேண்டுமென 1895இல் சட்டம் வகுத்தனர். புதிய கூலியாளுக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். ஆகவே வரி மட்டும் ஆறு மாதக் கூலியாயிற்று! 16 வயது நிரம்பிய பையனும் 13 வயது நிரம்பிய சிறுமியுங்கூடத் தப்பவில்லை.

மனுக்கள் எத்தனையோ போயின. அவர்களுக்கு நம் மனுக்கள் வேண்டா, நம் ஆட்களே வேண்டும் என்பதைக் கோகலே கண்டுகொண்டார். 1910 பிப்ரவரி 25ஆம் தேதி, கல்கத்தாவில் கூடிய சட்டசபையில், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலி சேர்ப்பதைத் தடுக்குமாறு தீர்மானங் கொணர்ந்தார். சர்க்கார் இசைந்தது, 1911 ஜூலை 1 முதல் தடை அமலாயிற்று. மிதவாதியென்று ஏளனஞ் செய்யப்பட்டவர் எடுத்த ஆயுதம் இது! ஒப்பந்த முறையையே ஒழிக்குமாறு 1912 மார்ச்சில் அவர் கொணர்ந்த தீர்மானமோ தோற்றது.

தடையால் துன்பம் உடனே நீங்கிற்றென்று சொல்வதற்கில்லை. புதிய ஆட்கள் வாராமையால், இருக்கும் ஆட்களை மறு ஒப்பந்தத்திற் பிணிக்க அவ்வரியே முதலாளிகளுக்குக் கயிறாயிற்று. 1912 அக்டோபரில், நீரிழிவால் தளர்ந்த தேகத்துடன் கோகலே கேப்டவுனில் இறங்கினார். மந்திரிகளைக் கண்டு, வரி நீங்குமென நம்பித் திரும்பினார். அவ்வாறு வாக்களிக்கவில்லையென்று அவ்வரசு பின்னர் மறுத்துவிட்டது. 1913 அக்டோபரில் நியூகாஸில் சுரங்கங்களில் நம்மவர் வேலையை நிறுத்தினர். நிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவிற்று. அவருள் தமிழர் மிகப் பலர். நோயையும் பாராது கோகலே இங்கே பணந் திரட்டி அனுப்பினார். இராஜப்பிரதிநிதி ஹார்டிஞ்ஜ் பிரபுவே நவம்பரில் நம் சென்னை நகரில் தென்னாப்பிரிக்க அரசைக் கண்டித்துப் பேசினார். 1914இல் வரி ஒழிந்தது.

1915 பிப்ரவரி 19ஆம் தேதி, தமது 48ஆம் வயதில் கோகலே காலமானார். முப்பத்தோராண்டு கழித்து, 1946இல், இந்திய சர்க்கார் தென்னாப்பிரிக்காவுடன் வியாபாரத்தையே நிறுத்திற்று. நிறபேதம் பாராட்டிய அவ்வரசின்மீது அங்ஙனம் தடை விதித்த முதல் தேசம் நமதேயாம்.